50 மீட்டரில் சிதறும் பெல்லட்டுகள்: எதை முதலில் சரிசெய்வது?

கேள்வி கேட்ட நண்பர் சேலத்துக்காரர், 4.5 மி.மீ. பிசிபி (முன்கூட்டியே அழுத்தி நிரப்பிய காற்றால் சுடும்) ஏர் ரைஃபிள் வைத்திருக்கிறார். அம்மாப்பேட்டையில் ஓட்டமின்றிப் பூட்டிக் கிடக்கும் குடும்பத் தறிக்கூடத்தில் 10 மீட்டரில் சுடும்போது ஐந்து பெல்லட்டும் ஏறக்குறைய ஒரே துளைக்குள் போகின்றன என்றும், அதே டப்பாவை ஏற்காட்டில் மாமாவின் காப்பித் தோட்டத்துக்கு எடுத்துச் சென்று 50 மீட்டரில் சுட்டால் பக்கவாட்டில் 6 சென்டிமீட்டரும் மேல்கீழாக இரண்டரை சென்டிமீட்டரும் பரவுகின்றன என்றும் எழுதியிருக்கிறார். வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் தங்கள் தோட்டாக்களைத் தாங்களே நிரப்பி, வெடிமருந்தை இம்மி இம்மியாகக் கூட்டிக் குறைத்து, துப்பாக்கிக்கு ஏற்ற கலவையைக் கண்டுபிடிக்கும் காணொளிகளை அவர் பார்த்திருக்கிறார். அதே போல பெல்லட்டுகளை எடை போட்டு, தலையளவு (முன்பகுதியின் விட்டம்) பார்த்துப் பிரித்து, கழுவி எண்ணெயிட்டு, வேகத்தையும் மாற்றித் தன் துப்பாக்கிக்கென்று ஒன்றை உருவாக்கலாமா, எதிலிருந்து தொடங்குவது என்பது கேள்வி. இந்த வேறுபாடுகளில் எது இலக்குக் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரியது என்று அவர் கேட்பதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் கணக்குப் போட்டே பதில் சொல்ல முடியும்.

நான் பல ஆண்டுகளாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயில்பவர்களுக்குப் பயிற்சி அளித்து வருபவன். 50 மீட்டர் காகித இலக்கு என் சொந்த ஆர்வம். மருந்துத் தோட்டா நிரப்புவதை நான் செய்ததில்லை, அதைப் பற்றிச் சொல்வதெல்லாம் படித்தறிந்தது. நம் நாட்டில் அதை ஆசைக்குச் செய்து பார்க்கவும் வழியில்லை: தோட்டா தயாரிப்பதற்கு 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவின்படி தனி உரிமம் வேண்டும், துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் அதற்குப் போதாது. ஏர் ரைஃபிளின் நிலை வேறு. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, பேரலின் (குழலின்) துளை 4.5 மி.மீ.க்கு மிகாமலும், முனை ஆற்றல், அதாவது பேரலை விட்டு வெளியேறும்போது பெல்லட்டுக்கு இருக்கும் ஆற்றல், 20 ஜூலுக்கு மிகாமலும் இருந்தால் உரிமம் தேவையில்லை. தோட்டத்தில் சுடுகிறீர்கள் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏர் ரைஃபிள்தானே என்று காட்டுக்கோழியையோ முயலையோ குறிபார்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், குறி தவறினாலும் குற்றமே. ஆகவே கீழே வருவது அனைத்தும் காகிதத்தைச் சுடுவதற்கு மட்டும்.

கையால் தோட்டா நிரப்புபவர் மாற்றக்கூடியவை சில உண்டு: மருந்தின் வகையும் எடையும், குண்டின் வகை, அது பித்தளைக் கூட்டுக்குள் எவ்வளவு ஆழம் அமர்கிறது என்பது, கூட்டின் கழுத்து அதை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பது, பிறகு மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர். பிசிபி ரைஃபிளில் மருந்தின் வேலையை அழுத்தக் காற்று செய்கிறது. அதன் அளவை ஒவ்வொரு சுடுதலுக்கும் காற்றழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் ரெகுலேட்டரின் அழுத்தமும், காற்று வால்வைத் தட்டித் திறக்கும் சுத்தியல் ஸ்பிரிங்கின் இறுக்கமும் தீர்மானிக்கின்றன. அமரும் ஆழம், பெல்லட்டைப் பேரலுக்குள் தள்ளும் போல்ட்டின் முனை எங்கே நிற்கிறதோ அங்கே முடிவாகிவிடுகிறது. கூடும் பிரைமரும் இல்லவே இல்லை. ஆக உங்கள் கையில் மிஞ்சுபவை வேகமும் பெல்லட்டும் மட்டுமே. காணொளிகளில் பார்த்த முறையில் பாதிக்கு மேல் உங்களுக்குப் பொருந்தாது என்பதை ஏமாற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மாறக்கூடியவை குறைந்தால் கண்டுபிடிப்பது எளிது.

இனிக் கணக்கு. நீங்கள் பயன்படுத்துவது 0.547 கிராம் பெல்லட் என்றும், அது பேரலை விட்டு நொடிக்கு 240 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்றும் வைத்துக்கொள்கிறேன். உங்கள் விவரங்களுக்கு இது பொருத்தமாகவே தோன்றுகிறது. டயபோலோ வடிவப் பெல்லட் இறகுப்பந்தைப் போலப் பின்பக்கம் விரிந்து, காற்றின் இழுவையால் தன்னை நேராக வைத்துக்கொள்ளும் வடிவம் உடையது. அதற்கு விலையாக வேகத்தை விரைவில் இழக்கிறது. 10 மீட்டரைக் கடக்க அதற்கு ஏறத்தாழ 0.043 நொடி ஆகிறது, அதற்குள் புவியீர்ப்பு அதை 9 மி.மீ. இறக்குகிறது. 50 மீட்டரைக் கடக்க 0.237 நொடி, இறக்கம் 27 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். தூரம் ஐந்து மடங்காகும்போது இறக்கம் முப்பது மடங்காகிறது. 10 மீட்டரில் ஒரே துளையில் போவது 50 மீட்டரைப் பற்றி ஏன் அதிகம் எதையும் சொல்வதில்லை என்பதற்கு இதுவே காரணம்: வேகத்தில் 1 சதவீதம் வேறுபாடு 10 மீட்டரில் மி.மீ.யில் ஐந்தில் ஒரு பங்குகூட நகர்த்தாது, 50 மீட்டரில் 5 மி.மீ.க்கு மேல் நகர்த்திவிடும்.

இப்போது உங்கள் காகிதத்தைப் பாருங்கள். பரவல் பக்கவாட்டில் மேல்கீழைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. பெல்லட்டின் எடையும் துப்பாக்கியின் வேகமும் மாறினால் துளைகள் மேலும் கீழும்தான் நகரும். அவை எவ்வளவு மாறினாலும் பக்கவாட்டில் 6 சென்டிமீட்டரை உண்டாக்காது. அந்தப் பரவலின் பெரும்பகுதி காற்று. நொடிக்கு 2 மீட்டர் பக்கக் காற்று, அதாவது முகத்தில் மெல்லப் பட்டு இலைகளைச் சலசலக்க வைக்கும் அளவுக்கான காற்று, மேலே சொன்ன பெல்லட்டை 50 மீட்டரில் 5 சென்டிமீட்டருக்கும் மேல் தள்ளும். ஏற்காட்டுத் தோட்டங்களில் நிலைமை இன்னும் சிக்கலானது. சில்வர் ஓக் மரங்களுக்கிடையே காற்று ஒரு திசையில் வீசுவதில்லை. சுடுமிடத்தில் அசைவே இல்லாதபோது பாதி வழியில் இருக்கும் இடைவெளியில் ஓடிக்கொண்டிருக்கும். வெயில் ஏறியதும் சரிவு சூடாகி, காற்று பள்ளத்திலிருந்து மேலேறத் தொடங்கும். ஆகவே சோதனைச் சுடுதலை விடிந்த சிறிது நேரத்துக்குள் முடித்துக்கொள்வதே நல்லது. உங்களுக்கும் இலக்குக்கும் இடையில் இரண்டு மூன்று குச்சிகளில் மெல்லிய நூலைக் கட்டித் தொங்கவிட்டு, நூல்கள் ஒரே நிலைக்கு வரும்போது மட்டும் ட்ரிகரை அழுத்துங்கள். அருகிலிருக்கும் நூல்தான் முக்கியம். தொடக்கத்தில் பட்ட தள்ளல் மீதித் தூரம் முழுவதும் வளர்ந்துகொண்டே போகும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை, பலன் எடை போட்டுப் பிரிப்பதைவிடப் பன்மடங்கு.

பெல்லட்டின் குணத்தைக் காற்றின் குறுக்கீடு இல்லாமல் அறிய வேண்டுமென்றால் தறிக்கூடத்துக்கே திரும்புங்கள். அதன் நீளம் 25 மீட்டர் வருமானால் உங்களிடம் பலருக்கும் கிடைக்காத வசதி இருக்கிறது. கதவு சன்னல்களைச் சாத்திவிட்டு, மேசைமேல் மணல் பையில் துப்பாக்கியைக் கிடத்திச் சுடுங்கள். அங்கே 10 பெல்லட்டுகள் மையத்துக்கு மையம் 10 மி.மீ.க்குள் விழுந்தால், இந்த வகைத் துப்பாக்கிக்கு அது நல்ல இணை என்பேன். 15 மி.மீ.யைத் தாண்டினால் பெல்லட்டைக் குறை சொல்வதற்கு முன் ஸ்டாக் திருகுகள், ஸ்கோப் மவுண்ட், பேரல் முனையில் ஏதேனும் நசுங்கல், ஸ்கோப்பின் பாரலாக்ஸ் திருத்தம் (கண் நகர்ந்தாலும் குறி இலக்கின்மேல் நகராதபடி செய்வது) ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். பஞ்சு சுற்றிய குச்சியைப் பேரல் முனையின் விளிம்பில் மெதுவாகச் சுழற்றினால், சிராய்ப்பு இருக்குமிடத்தில் பஞ்சின் இழை மாட்டிக்கொள்ளும்.

மேல்கீழ் இரண்டரை சென்டிமீட்டருக்கு வருவோம். நொடிக்கு 10 மீட்டர் வேக வேறுபாடு இருந்தால் 50 மீட்டரில் 2 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும், அது உங்கள் அளவோடு ஒத்துப்போகிறது. இதை ஊகிக்க வேண்டியதில்லை, பெல்லட்டின் வேகத்தைக் காட்டும் க்ரோனோகிராஃப் ஒன்றை இரவல் வாங்கி அளந்துவிடலாம். ரெகுலேட்டர் உள்ள துப்பாக்கியில் அடுத்தடுத்த 10 சுடுதல்கள் நொடிக்கு 4 மீட்டருக்குள் அடங்கினால் விட்டுவிடுங்கள். ரெகுலேட்டர் இல்லாததென்றால், முழுக்க நிரப்பிய சிலிண்டர் காலியாகும் வரை ஒவ்வொரு சுடுதலின் வேகத்தையும் குறித்து வாருங்கள். வேகம் முதலில் ஏறி, சிறிது நேரம் நிலையாக நின்று, பிறகு இறங்கும். அந்த நிலையான பகுதி எந்த அழுத்தத்திலிருந்து எந்த அழுத்தம் வரை என்று பார்த்து, அதற்குள் மட்டும் சுடுவதே நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய திருத்தம். மருந்தை அளந்து போடும் வேலைக்கு இணையாக ஏர் ரைஃபிளில் ஏதாவது உண்டென்றால் இதுதான். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும் ஆசை வேண்டாம். 0.547 கிராம் பெல்லட் நொடிக்கு 270 மீட்டரைத் தொடும்போது 20 ஜூல் எல்லையை எட்டிவிடும், 0.67 கிராம் பெல்லட்டுக்கு அந்த எல்லை 244 மீட்டரிலேயே வந்துவிடும். பிசிபி துப்பாக்கிகள் பொதுவாகக் கனமான பெல்லட்டுக்கு அதிக ஆற்றலைக் கொடுப்பதால், நீங்கள் பயன்படுத்துவதில் மிகக் கனமானதைக் கொண்டே எல்லையைச் சோதிக்க வேண்டும். சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்க டயபோலோ பெல்லட் நிலைகுலையும் என்பது உறுதியாகத் தெரிந்த செய்தி.

எடை போட்டுப் பிரிப்பதற்கும் இதே கணக்கைப் போடலாம். 1 சதவீதம் கனம் கூடினால், அதாவது ஐந்தரை மில்லிகிராம் கூடினால், வேகம் ஏறக்குறைய அரை சதவீதம் குறையும். 50 மீட்டரில் 3 மி.மீ.க்கும் குறைவாகவே இறங்கும். 10 மீட்டரில் மி.மீ.யில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 10 மீட்டர் போட்டி இலக்கில் பத்துப் புள்ளி வட்டமே அரை மி.மீ.தான் என்றாலும், அங்கேயும் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. 50 மீட்டரில் எடைபோடுவது முற்றிலும் வீண் என்று நான் சொல்லவில்லை. ஒரே டப்பாவில் வழக்கத்துக்கு மாறாக 15, 20 மில்லிகிராம் விலகி நிற்கும் ஓரிரு பெல்லட்டுகள் சில நேரம் அகப்படும், அவற்றை விலக்கினால் காரணம் தெரியாமல் தனியே போய் விழும் துளைகள் குறையும். அதற்கு 0.001 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறையிலோ நகைக்கடையிலோ தெரிந்தவர் இருந்தால் அவரிடம் கேட்டுப் பாருங்கள், 0.01 கிராம் மட்டும் காட்டும் தராசில் இந்த வேலை நடக்காது. டப்பா முழுவதையும் மில்லிகிராம் வாரியாகச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டிவைப்பவர்களை நான் அறிவேன். அவர்களுக்கு அது மன அமைதி தருகிறது. காகிதத்தில் அதன் தடயத்தை நான் கண்டதில்லை. எடையைவிட, பின்பக்கப் பாவாடை நசுங்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் கண்ணால் பார்ப்பது பயன் தரும். நசுங்கிய பாவாடையின் வழியாகக் காற்று சமமின்றிக் கசிந்து, பேரலை விட்டு வெளியேறும் கணத்திலேயே பெல்லட்டைச் சாய்த்துவிடும்.

தலையளவும் தயாரிப்புத் தொகுதியும்தான் உண்மையான சேதி. பெல்லட்டின் தலைதான் பேரலின் உட்புறச் சுருள் வரிகளான சுரிவரிகளில் தொட்டுக்கொண்டு போகிறது, 4.50, 4.51, 4.52 என்று டப்பாக்களில் அச்சிட்டிருக்கும் அந்த நூறில் ஒரு மி.மீ. வேறுபாட்டுக்குச் சில பேரல்கள் தெளிவாகவே பதில் சொல்கின்றன. ஆனால் டப்பாவின் மேலிருக்கும் எண்ணை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். வெவ்வேறு தொகுதியில் வந்த இரண்டு 4.52 டப்பாக்கள் ஒன்றுபோல் சுட வேண்டியதில்லை. ஈயம் மென்மையானது என்பதால் கேலிப்பரால் அளந்து சரிபார்க்கவும் இயலாது, அளக்கும் கருவியே அதை அழுத்திவிடும். போட்டியில் சுடுபவர்கள் துப்பாக்கியை இடுக்கியில் பூட்டி, ஒவ்வொரு தொகுதியிலும் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்து, தங்கள் பேரலுக்குப் பொருந்திய தொகுதி எண்ணையே மொத்தமாக வாங்கிக்கொள்வது இதனால்தான். ஜேஎஸ்பி, எச் அண்ட் என், ஆர்டபிள்யூஎஸ் மூன்றும் நல்ல தயாரிப்புகள். உங்கள் பேரல் எதை விரும்பும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, என்னையும் சேர்த்து.

அப்படி ஒப்பிடும்போதுதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். துப்பாக்கியும் பெல்லட்டும் சுடும் ஆளும் மாறாமல் இருக்கும்போதே, ஐந்து சுடுதலில் அமைந்த குரூப் (துளைக் கூட்டம்) தன் சராசரி அளவிலிருந்து கால் பங்கு கூடியோ குறைந்தோ இருப்பது வெகு சாதாரணம். ஒரு டப்பா 24 மி.மீ., மற்றொரு டப்பா 30 மி.மீ. என்று ஒவ்வொரு குரூப் மட்டும் சுட்டு முடிவெடுத்தால், நாணயத்தைச் சுண்டி முடிவெடுத்ததற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. 10 சுடுதலில் அமைந்த குரூப் சராசரியாக ஐந்தினதைவிடக் கால் பங்கு பெரிதாக இருக்கும். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம், அதுவே உண்மைக்கு நெருங்கியது. மருந்தின் எடையைப் படிப்படியாகக் கூட்டி, படிக்கு மூன்று தோட்டா சுட்டு, குரூப் சுருங்கும் படியே இந்தத் துப்பாக்கிக்கு உரியது என்று காணொளிகளில் சொல்வதை நான் சந்தேகிப்பதும் இதனால்தான். பேரலின் அதிர்வோடு தொடர்புபடுத்தி அதற்கு விளக்கம் சொல்பவர்கள் உண்டு. மூன்று தோட்டா சுட்டால் அத்தகைய சுருக்கமும் விரிவும் தற்செயலாகவே தோன்றிவிடும் என்பவர்களும் உண்டு. எனக்குப் பின்னவர் வாதமே வலுவாகப் படுகிறது.

ஆகையால் இரண்டு தொகுதிகளை ஒப்பிடும்போது ஒவ்வொன்றிலும் 10 பெல்லட் கொண்ட குரூப்புகள் குறைந்தது நான்கு சுடுங்கள். முதல் தொகுதியை முழுவதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மாற்றி மாற்றிச் சுடுங்கள், ஒரு தொகுதியிலிருந்து மற்றதற்கு மாறும்போது கணக்கில் சேராமல் சிலவற்றைச் சுட்டுப் பேரலைப் பழக்கிக்கொள்ளுங்கள். எந்தத் தொகுதி என்று உங்களுக்குத் தெரியாதபடி தம்பியோ தங்கையோ எடுத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. விலையுயர்ந்த டப்பாவிலிருந்து வந்தது என்று தெரிந்தால் கை தானாகவே கவனமாகிவிடுகிறது. வெளியோரத் துளைகள் இரண்டுக்கு இடையிலான தூரத்தை மட்டும் அளப்பதற்குப் பதில், எல்லாத் துளைகளுக்கும் பொதுவான மையத்தைக் கண்டு, ஒவ்வொன்றும் அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதன் சராசரியை எடுங்கள். அப்போது பத்துத் துளைகளும் பேசுகின்றன. இல்லையென்றால் இரண்டு மட்டுமே பேசும்.

கழுவி எண்ணெயிடுவதைப் பற்றி என்னால் உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு. டப்பாவின் அடியில் கருப்புத் தூளும் ஈயச் செதிலும் அதிகமிருந்தால் கழுவி உலர்த்துவது நியாயம். ஒரே டப்பாவில் சில பெல்லட்டுகள் எண்ணெயில் ஊறியும் சில உலர்ந்தும் இருந்தால் வேகம் மாறும் என்பதும் சரி. மற்றபடி தொழிற்சாலைப் பூச்சைக் கழுவிவிட்டு வேறொன்றைப் பூசுவதால் குரூப் சுருங்குகிறது என்பதற்கு, மேலே சொன்ன முறையில் சுட்டுக் காட்டப்பட்ட ஆதாரத்தை நான் பார்த்ததில்லை. ஏற்காட்டின் மழைக்கால மூடுபனியில் மட்டும் எண்ணெய்க்கு வேலையுண்டு. ஈரத்தில் ஈயம் வெளுத்துப் பொடி பூக்கும். மரப்பெட்டியில் வைத்தால் மரத்திலிருந்து கசியும் அமில ஆவி அதை விரைவுபடுத்தும். தகர டப்பாவிலேயே, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அந்த வெள்ளைப் பொடி நஞ்சு. வெளுத்த பெல்லட்டைச் சுடாதீர்கள், சுட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் உண்ணாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் மலையேறியதும் எதிர்கொள்ளப் போவது. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. காற்றழுத்தம் மட்டும் கணக்கென்றால் மேலே காற்று 13 சதவீதம் மெலிந்திருக்க வேண்டும். மேலே குளிர் என்பதால் அதில் ஒரு பகுதி ஈடாகி, சேலத்தின் 35 டிகிரிக்கும் ஏற்காட்டின் 22 டிகிரிக்கும் இடையே அடர்த்தி வேறுபாடு 10 சதவீத அளவில் நிற்கும். இழுவை குறைவதால் 50 மீட்டரில் பெல்லட் என் கணக்குப்படி 6 அல்லது 7 மி.மீ. மேலே படும், கிளிக்குக்குக் கால் மினிட் கோணம் நகரும் ஸ்கோப்பில் அது இரண்டு கிளிக். 25 மீட்டரில் 1 மி.மீ.கூட இல்லை. இது வெளியேறும் வேகம் மாறவில்லை என்ற அனுமானத்தின் மேல் நிற்கும் கணக்கு. ஆனால் 35 டிகிரியில் நிரப்பிய சிலிண்டர் 20 டிகிரிக்கு ஆறும்போது அதன் அழுத்தம் 5 சதவீதம் குறையும், ரெகுலேட்டர் இல்லாத துப்பாக்கியில் அது வேகத்தையும் மாற்றலாம். ஸ்பிரிங் வகைத் துப்பாக்கியாக இருந்தால், அது சுற்றியுள்ள காற்றையே அழுத்திப் பயன்படுத்துவதால் மலைமேல் வேகம் பொதுவாகக் குறையும். எனவே க்ரோனோகிராஃபை மேலேயும் எடுத்துச் செல்லுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்த துப்பாக்கிக்கு அரை மணி நேரம் ஓய்வு கொடுத்து, முதலில் 25 மீட்டரில் சுட்டுப் பாருங்கள். அங்கேயே புள்ளி நகர்ந்திருந்தால் ஸ்கோப் அசைந்திருக்கிறது, மலைக்காற்றின் மேல் பழி போட முடியாது. 25 மீட்டரில் சரியாக இருந்து 50 மீட்டரில் மட்டும் சற்று மேலே பட்டால், அந்த இரண்டு கிளிக்கைக் குறித்துவைத்துக்கொண்டு, கீழே இறங்கியதும் திருப்பிவிடுங்கள். இலக்கை எப்போதும் மண் சரிவுக்கு முன்னால் மட்டுமே நிறுத்துங்கள். காப்பி பறிப்பவர்கள் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்று மேஸ்திரியிடம் கேட்காமல் முதல் பெல்லட்டை உள்ளே தள்ளாதீர்கள்.